சொட்டேரோவுடன் ஏழு ஆண்டுகள்: பெயர்க் கட்டத்தில் நின்ற கதை

திருகோணமலை பற்றிய நூல்கள், ஆய்வுக் கட்டுரைகள், கோயில் மலர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உசாத்துணைப் பட்டியல் வேண்டும் என்று நாங்கள் நால்வர் 2018இல் தொடங்கினோம். ஆளுக்கொரு கொப்பி, ஆளுக்கொரு எக்செல் தாள் என்று சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கத்தான், நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து உசாத்துணைப் பட்டியல் எடுத்துத் தரும் சொட்டேரோ (Zotero) என்ற மென்பொருளுக்கு வந்தோம். இலவசம், திறந்த மூலம், குழுவாகச் சேர்ந்து வேலை செய்யலாம். அந்த மூன்றுமே எங்களுக்குப் போதுமாக இருந்தன.

முதல் மாதம் மிகவும் மகிழ்ச்சியாகப் போனது. ஆய்விதழின் பக்கத்தைத் திறந்து உலாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் தாமாக வந்து உட்காரும். தமிழ் நூல்களுக்கு வந்தபோதுதான் வேகம் குறைந்தது. ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் விவரம் வரும் என்பார்கள். பழைய பதிப்புகளில் அந்த எண்ணே கிடையாது. பதிப்பாண்டு இருக்கவேண்டிய இடத்தில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1927ஆ, 1987ஆ என்று தாளையும் அச்செழுத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கட்டத்தில் எண்ணையும் குறிப்புப் பகுதியில் வருஷப் பெயரையும் இட்டு வைக்கிறோம்.

எங்களை உண்மையாகவே நிறுத்தியது, எழுதியவரின் குடும்பப் பெயரையும் முதற்பெயரையும் தனித்தனியே கேட்கும் பெயர்க் கட்டம்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை மாஸ்டர் என்றே அழைப்போம். ஒரு சனிக்கிழமை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, அச்சிட்ட பட்டியலைப் பென்சிலால் சரிபார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். "தம்பி, இந்தக் கட்டுரையை எழுதியது அந்த அம்மா அல்லவா? பட்டியலில் அவருடைய கணவர் பெயரில் நிற்கிறதே!" என்றார். பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நம் பெண் எழுத்தாளர்கள் பலர் தம் பெயரை முதலிலும் தகப்பனார் அல்லது கணவர் பெயரைப் பின்னாலும் எழுதுகிறார்கள். இணையப் பக்கத்தில் பெயர் அப்படியே இருந்தால், கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று கொள்ளப்படுகிறது. ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையில் பட்டியல் எடுத்தால் கணவர் பெயர் முழுதாக நிற்கும். எழுதியவர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுவார். அன்று மாலை முழுவதும் நாங்கள் வேறு வேலை பார்க்கவில்லை. பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினோம்.

தலைப்பெழுத்தில் இன்னொரு சிக்கல். பேராசிரியர் சி. பத்மநாதனின் ஆங்கில நூல்களில் 'எஸ்' என்று இருக்கும். ஒரு பதிவில் முழுப் பெயரும் இன்னொன்றில் தலைப்பெழுத்து மட்டுமாகவும் இட்டுவிட்டால், சொட்டேரோ அவரை இரண்டு ஆட்கள் என்று நினைத்து மேற்கோளுக்குள் தலைப்பெழுத்தையும் சேர்த்து அச்சிடும். மேற்கோள்களை எப்படி அமைப்பது என்று சொல்லும், சொட்டேரோ பின்பற்றும் சி.எஸ்.எல். (CSL) விதிகளில் போர்த்துக்கேயரின் 'டி', ஒல்லாந்தரின் 'வான்' போன்ற முன்னொட்டுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பதற்கு இடம் இருக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாழும் நமக்கு அப்படியொரு இடம் இல்லை. இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கைகொடுத்தது ஒரு சிறிய பொத்தான். பெயரின் இரண்டு கட்டங்களையும் ஒரே கட்டமாக மாற்றிவிடலாம். 'கா. சிவத்தம்பி' என்று நாம் எழுதுவது போலவே இடலாம். ஆனால் பட்டியலில் அவர் 'கா' வரிசைக்குப் போய்விடுவார். ஆகவே பெயர் ஒரே சொல்லாக உள்ள பழைய புலவர்களுக்கு மட்டும் ஒற்றைக் கட்டம். மற்றவர்களுக்கு, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவரவர் சொந்தப் பெயர் என்று தீர்மானித்தோம். 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூலைப் பாடிய கவிராச வரோதயர் ஒற்றைக் கட்டத்தில் நிம்மதியாக இருக்கிறார்.

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாயிலில் உள்ள கல்லெழுத்துக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. பதிவு வகைகளில் கல்வெட்டு என்று ஒன்றும் இல்லை. கையெழுத்துப் பிரதி என்ற வகையில் வைத்திருக்கிறோம். அதைத் திறக்கும்போதெல்லாம் மனம் ஒப்பவில்லை.

இலவச இடம் 300 எம்.பி. வருடிய நூல்களின் பி.டி.எஃப். சிலவற்றிலேயே அது நிறைந்துவிடும். கோப்புகளை ஏற்றாமல், ஈழத்து நூல்களின் மின்னூலகமான 'நூலகம்' இணையத்தளத்தில் உள்ளவற்றுக்கு இணைப்பை மட்டும் கொடுக்கிறோம். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பி.டி.எஃப்.ஐ உள்ளேயே திறந்து குறிப்பெழுதலாம். எனக்கு அதிகம் பயன்பட்ட மாற்றம் அது.

மாஸ்டர் மட்டும் மென்பொருளை நிறுவவில்லை. சொட்டேரோவின் இணையப் பக்கத்தில் நுழைந்துதான் திருத்துகிறார். இடப்பக்கம் தொகுப்புகள், நடுவில் பட்டியல், வலப்பக்கம் விவரம். எழுத்தின் மேல் சொடுக்கினால் அங்கேயே திருத்தலாம். 'சேமி' என்ற பொத்தான் எங்கே என்று முதல் நாள் பலமுறை கேட்டார். தானாகச் சேமிக்கும் என்றபோது நம்பாமல், பக்கத்தை மூடித் திறந்து பார்த்தார்.

ஓர் ஒப்படைக்கு மட்டும் பட்டியல் வேண்டிய மாணவர்களுக்கு உலாவியிலேயே பட்டியல் எடுத்துத் தரும், 2018இல் வந்த சொட்டேரோபிப் (ZoteroBib) தளம் போதும். கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டியல் அந்த உலாவிக்குள்ளேதான் இருக்கும். என்னிடம் வந்த மாணவி ஒருத்தி உலாவியைத் துப்புரவாக்கி, நாற்பது பதிவுகளையும் இழந்துவிட்டாள். எழுந்து போவதற்கு முன் பட்டியலுக்கான இணைப்பை எடுத்துத் தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பிவிடும்படி இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

வரும் சனிக்கிழமைக்கு மூன்று கும்பாபிஷேக மலர்கள் காத்திருக்கின்றன. எழுதிய பெண்கள் ஒவ்வொருவருக்கும் எது சொந்தப் பெயர் என்று கேட்டு, மாஸ்டர் ஏற்கெனவே தாளில் குறித்து வைத்திருக்கிறார்.