ஜெனரேட்டருக்கு ஹெர்ட்ஸ் மீட்டர்: அலைகளை எண்ணலாமா, ஒரு அலையின் நேரத்தை அளக்கலாமா?

மன்னார்குடி பக்கம் பம்புசெட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஓடுகிற டீசல் ஜெனரேட்டர்களைச் சரிபார்க்க ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஒரு ஹெர்ட்ஸ் மீட்டர் செய்தேன். அதிர்வெண்ணும் அலைவுக்காலமும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்தான்: 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அலை என்றால் ஒரு அலைக்கு 20 மில்லி வினாடி. ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும். ஆனால் எதை அளக்கிறோம் என்பதில்தான் மீட்டரின் தரமே இருக்கிறது.

ஒரு வினாடியில் வரும் அலைகளை எண்ணுவது சுலபம், புரோகிராமும் சின்னது. சிக்கல் என்னவென்றால் முழு அலையைத்தான் எண்ண முடியும். 49.6 ஹெர்ட்ஸ் இருந்தால் ஒரு தடவை 49 என்று காட்டும், அடுத்த தடவை 50 என்று காட்டும். நான்கு காந்த முனை (pole) உள்ள ஆல்டர்னேட்டரில் 1 ஹெர்ட்ஸ் என்பது 30 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 30 சுற்று. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகை லேசாகத் திருப்பினால் மீட்டர் அசையாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரேயடியாகத் தாவும். 0.01 ஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டுமென்றால் 100 வினாடி எண்ண வேண்டும். அதற்குள் மண்டபத்தில் யாராவது கிரைண்டரைப் போட்டு, லோடு ஏறி வேகமே மாறியிருக்கும்.

நேரத்தை அளக்கும் முறையில் இந்தக் காத்திருப்பே கிடையாது. ஊனோவின் மைக்ரோ வினாடிக் கணக்கு 4 மைக்ரோ வினாடிப் படிகளாக ஏறும். 20,000-த்தில் 4 என்பது 0.02 சதவீதம், அதாவது 0.01 ஹெர்ட்ஸ். அங்கே 100 வினாடியில் கிடைத்தது இங்கே ஒரே அலையில் கிடைத்துவிடுகிறது. இரைச்சலால் ஒற்றை அலையின் நேரம் கொஞ்சம் ஆடும் என்பதால் பத்து அலைக்குச் சராசரி எடுக்கிறேன். அப்படியும் வினாடிக்கு ஐந்து தடவை எண் மாறுகிறது. திருகைத் திருப்பத் திருப்ப எண் கூடவே நகர்கிறது.

ஊனோவில் நேரக் கணக்குக்கு இருப்பது செராமிக் ரெசனேட்டர், குவார்ட்ஸ் கிரிஸ்டல் அளவுக்குத் துல்லியம் இல்லை. அந்தப் பிழை இரண்டு முறையிலும் வரும். நம் மின்கட்டமைப்பை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஈபி லைனில் வைத்துப் பார்த்து ஒரு திருத்தம் போட்டுக்கொண்டேன்.

எண்ணும் முறைக்கும் இடம் உண்டு. 100 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 10 மைக்ரோ வினாடிதான்; 4 மைக்ரோ வினாடிப் படியை வைத்துக்கொண்டு அதை என்னத்தை அளப்பது? அங்கே எண்ணுவதுதான் சரி. எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் அலையை உருவாக்கும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் நான் இதை வைத்துப் பார்த்ததில்லை. அலை கரடுமுரடாக இருந்தால் ஒரே அலையில் பூஜ்யத்தைப் பலமுறை கடந்து மீட்டரை ஏமாற்றலாம். எதைச் செய்தாலும் 230 வோல்ட்டை நேரடியாக போர்டில் கொடுக்காமல், நடுவில் ஆப்டோகப்ளர் (மின் தொடர்பில்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் பாகம்) வைத்துக்கொள்ளுங்கள்.