ஃபாஸ்ட்எம்சிபி: திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தாங்குமா?

குடோனில் 30ஸ் நூல் எத்தனை கிலோ இருக்கிறது என்று ஏஐ அசிஸ்டென்டிடம் கேட்டால், அது ஆபீஸ் சர்வரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான பைத்தான் லைப்ரரிதான் ஃபாஸ்ட்எம்சிபி; ஏஐ அசிஸ்டென்டை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற பொது முறைப்படி சர்வர் எழுத உதவுவது. ஒரு ஃபங்ஷன், அதன் மேலே ஒரு டெகரேட்டர் (@ போட்டு எழுதும் குறிப்பு வரி), அசிஸ்டென்ட் கூப்பிடக்கூடிய டூல் தயார். ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கத்தைப் படித்துத்தான் அசிஸ்டென்ட் டூலைத் தேர்ந்தெடுக்கும். வெறுமனே ‘ஸ்டாக்’ என்று எழுதினால் நூலுக்குப் பதில் துணிக் கணக்கை எடுத்து நீட்டும். ‘கவுண்ட் வாரியாக நூல் இருப்பு, கிலோவில்’ என்று எழுதுங்க (கவுண்ட் என்பது 30ஸ் போன்ற நூலின் பருமன் எண்).

அசிஸ்டென்டும் சர்வரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் எஸ்டிடிஐஓ (நெட்வொர்க் இல்லாமல் நேரடியாகப் பேசும் வழி) போதும். நிட்டிங் யூனிட்டிலிருந்தும் கேட்க வேண்டுமென்றால் நெட்வொர்க் வழியான எச்டிடிபி. 2025 மார்ச்சில் பழைய எஸ்எஸ்இ முறைக்குப் பதிலாக வந்த ஸ்ட்ரீமபிள் எச்டிடிபியையே போடுங்க. வேறெதுவும் சொல்லாமல் ஓட்டினால் 127.0.0.1 (அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமான முகவரி), போர்ட் 8000. பக்கத்து மேசைக்குக்கூடக் கிடைக்காது. ஹோஸ்டை 0.0.0.0 ஆக்கினால் கிடைக்கும், ஆனால் டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியக் குறியீடு) இல்லாமல் செய்தால் குடோன் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

தலைவலி இரண்டு. சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (கேள்விகளை வாங்கி அனுப்பும் வெப் சர்வர்) இருந்தால், பதிலைத் தேக்கிவைக்கும் பஃபரிங்கை அணைக்கணும். பதிலுக்குக் காத்திருக்கும் 60 நொடி ரீட் டைம்அவுட்டையும் கூட்டணும், இல்லையென்றால் பெரிய ரிப்போர்ட் பாதியில் அறுந்துவிடும். அடுத்தது, நான்கு வொர்க்கர் (ஒரே சர்வரின் தனித்தனி பிரதிகள்) ஓட்டினால் செஷன், அதாவது தொடர் உரையாடலின் பதிவு, ஒரு வொர்க்கரின் மெமரியில் மட்டும் இருக்கும். அடுத்த கேள்வி வேறொரு வொர்க்கருக்குப் போய் ‘செஷன் இல்லை’ என்று திரும்பும். செஷனே வைத்துக்கொள்ளாத ஸ்டேட்லெஸ் ஆப்ஷன் போட்டால் சரியாகும். இருப்பு பார்க்கிற வேலைக்கு அதுவே தாராளம்.