கேம்டன் பெஞ்ச்: உக்காரலாம், ரொம்ப நேரம் முடியாது

லண்டன்ல கேம்டன் ஏரியாவோட கவுன்சில் (உள்ளாட்சி) கேட்டு 2012ல ஃபேக்டரி ஃபர்னிச்சர்ங்கற கம்பெனி பண்ணிக் குடுத்த கான்கிரீட் பெஞ்ச் இது. பாக்க பெரிய பாறைய கண்டபடி சீவி விட்ட மாதிரி இருக்கும்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். கிராஃபிட்டி ஒட்டாத கோட்டிங், மழைத்தண்ணி தேங்காது, இண்டு இடுக்கே இல்லாததால போதைப் பொட்டலம் எதையும் சொருகி வைக்க முடியாது, குப்பையும் சேராது, காலுக்குப் பின்னாடி பைய தள்ளி வச்சுக்க குழிவா இடம் விட்டிருக்காங்க, திருடன் கை அவ்ளோ சுலபமா போகாது. அந்தப் பை மேட்டர் நிஜமாவே சூப்பர்.

உக்கார்ற கதைதான் வேற. மேல ஒழுங்கான சமதளமே கிடையாது, எல்லாம் சரிவு. கொஞ்ச நேரம் ஓகே, அப்புறம் இடுப்பு தானா எழுந்திரிங்குது. படுக்கறதுக்கு வாய்ப்பே இல்ல, ஐடியாவே அதானே! வீடில்லாதவங்க தூங்கக் கூடாது, பசங்க ஸ்கேட்போர்ட் ஓட்டக் கூடாது (பசங்க இது மேலயும் ஓட்டிக் காட்டிட்டாங்கங்கறது தனி காமெடி).

எனக்கு கடுப்பு எங்கன்னா, இங்க படுக்காதேன்னு ஒரு போர்டு வச்சா யாரு போட்டது எந்த சட்டம்னு கேட்டு சண்டை போடலாம், கோர்ட்டுக்கே போலாம், சரிவுகிட்ட போய் என்னத்த கேக்கறது? போலீஸும் வேணாம் உத்தரவும் வேணாம், விரட்டுப்பட்டவனே பெஞ்ச் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு எழுந்து போயிடுவான்.

இப்படி சட்டம் போடாம கட்டற விதத்துலயே ஜனங்கள அடக்கறது புதுசும் இல்ல. 1853ல பிரெஞ்சு பேரரசர் மூணாம் நெப்போலியன் ஓஸ்மான்ங்கற அதிகாரிகிட்ட பாரிஸ ஒப்படைச்சு சந்து சந்தா இடிச்சு அகல ரோடு போட வச்சாரே, சாக்கடை காத்து வெளிச்சம் எல்லாம் வந்துச்சு, மறுக்கல, ஆனா 1848 புரட்சில ஜனங்க தெருவ மறிச்சு தடுப்பு கட்டி சண்ட போட்ட ஏரியாக்கள உடைக்கறதும் அந்தக் கணக்குல இருந்துச்சு, ஓஸ்மானே பின்னாடி அத எழுதியும் வச்சிருக்காரு. அப்படியும் 1871ல பாரிஸ் கம்யூன்ங்கற மக்கள் எழுச்சில மறுபடி தடுப்பு எழும்புச்சு. ஒரு விஷயம், அந்த ரோட்டுலயாவது எல்லாரும் வசதியா நடக்கலாம்.

வாங்கற கவுன்சிலுக்கு இது 5க்கு 5. உக்கார்றவங்களுக்கு 5க்கு 1, அதுவும் அந்தப் பைக் குழிக்காக. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க கவனிங்க, சாய முதுகும் இல்ல, புடிச்சு எழுந்திரிக்க கைப்பிடியும் இல்ல.