‘ம்’ கொட்ட இடம் விட்ட கதை

குழந்தைகளுக்கான ஒலிக்கதை என்றாலே ஒரு புல்லாங்குழலும் கொஞ்சிப் பேசும் ஒரு குரலும் வந்துவிடும். ஒரு செயலியில் கிடைத்த இந்தக் கால் மணி நேரக் கதையில் இரண்டும் இல்லை. சொல்கிற அம்மாவுக்குக் கொஞ்சம் கரகரத்த, வயதான குரல். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு அளவு நிறுத்துகிறார், நாம் ‘ம்’ கொட்டத்தான். என் மகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது நிறுத்தத்திலேயே தானாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டாள். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நானும் வீட்டில்தான் கிடந்தேன்.

கதை புதிதாக எழுதியது, எலும்பு மட்டும் பழையது. ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. ஆடி மாசம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவள் தனுஷ்கோடி முனைக்கு நடந்துபோய் முதலில் பெண்கடலிடம் கேட்கிறாள். "என்கிட்ட வரலை தாயி, அந்த மனுசன்கிட்ட கேளு" என்கிறது அது. பாக் நீரிணையைப் பெண்கடல், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம்தான். அந்த இரண்டையும் பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்டாட்டியாக்கி, நடுவில் இந்தப் பிள்ளையைத் தூது போகவைத்து, தூதுக்கு ஓர் அண்ணனாகத் திருப்பிக் கொடுக்கவைத்தது எழுதியவரின் கெட்டிக்காரத்தனம். ஆறு பேர் வந்துவிடுகிறார்கள். பசி தாங்காமல் கடல்புல்லைத் தின்ற ஏழாமவன் மட்டும் ஆவுளியாவாக, அதாவது கடல்பசுவாக, ஆகிவிடுகிறான். அது அடிக்கடி மேலே வருவது தங்கச்சி கரையில் நிற்கிறாளா என்று பார்க்கத்தானாம்! ஆவுளியா மீனில்லை, குட்டிக்குப் பால் கொடுக்கிற ஜீவன். புல்தான் அதற்குத் தீனி, மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் காற்றில் போய்க் கோட்டை விட்டிருக்கிறார். அண்ணன்மார் போன அன்று வாடைக்காற்று வீசியதாம். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா, "ஆடியில ஏதுடா வாடை? கச்சான்ல அடிக்கும்" என்றார். வாடை ஐப்பசிக்கு மேல் வடக்கேயிருந்து வருவது. அது அடித்தால் பெண்கடல்தான் பொங்கும். ஆடியில் தென்மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும்போதுதான் ஆண்கடல் மூர்க்கமாகும். அண்ணன்மாரை ஆண்கடல் பிடித்துவைத்தது என்கிற கதையே அந்த ஒரு வரியில் ஆட்டம் காண்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு உறுத்தாது, சரி. எங்கள் வீட்டில் கதையை நிறுத்திவைத்துப் பஞ்சாயத்து நடந்தது.

அலைச் சத்தத்தை இரண்டு கடலுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். காதில் மாட்டிக் கேட்டால் அருமை. போனை அப்படியே வைத்துக் கேட்டால் ஆண்கடல் வருகிற இடத்தில் அந்த அம்மாவின் குரல் முங்கிவிடுகிறது. கடைசியில் நீதி சொல்லாமல் விட்டதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

விளம்பரம்தான் வயிற்றெரிச்சல். ஏழாமவன் புல்லில் வாய் வைக்கிற இடத்தில் ‘உடனடிக் கடன் வேண்டுமா’ என்று ஒருத்தன் கத்துகிறான். பணம் கட்டினால் வராதாம். கட்டுகிற உத்தேசம் இல்லை. கதையை இறக்கிவைத்துக்கொண்டு, இணையத்தை அணைத்துவிட்டுக் கேளுங்கள், அவன் வருவதில்லை.