சீனத் துறையா, ஜப்பானியத் துறையா: கிழக்காசியச் சமூகத்தைக் கல்லூரியில் படிக்க விரும்புவோருக்கு ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் கிழக்காசியாவின் பண்பாட்டையும் சமூகத்தையும் முறையாகப் படிக்க விரும்பும் மாணவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, சீனத்தைத் தேர்வதா ஜப்பானியத்தைத் தேர்வதா என்பதே. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் தனித்தனி இளங்கலைச் சிறப்புப் பட்டப்படிப்புகள் உள்ளன. சாந்திநிகேதனில் தாகூரின் அழைப்பில் வந்த சீன அறிஞர் தான் யுன்-ஷான் முன்னின்று 1937-இல் உருவாக்கிய சீன பவனமும், 1994-இல் திறக்கப்பட்ட நிப்பான் பவனமும் இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறை, 1962 போருக்குப் பின் சீனாவை அறிந்தவர்கள் நம்மிடம் போதுமான அளவில் இல்லை என்ற உணர்விலிருந்து 1964-இல் சீன ஆய்வு மையமாகத் தொடங்கிப் பின்னர் ஜப்பானையும் சேர்த்துக்கொண்டது. எங்கு இளங்கலை சேர்ந்தாலும் அக்காலத்தின் பெரும்பகுதியை மொழியே எடுத்துக்கொள்ளும். ஆகவே, எந்த மொழி எப்போது மூல ஆவணங்களுக்கு நம்மை அழைத்துச் செல்லும் என்பதிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்குவது நல்லது.

தமிழர்க்கு ஜப்பானியம் எளிது என்று பலரும் சொல்வது பாதி உண்மை. வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது, பெயருக்குப் பின் உருபு ஒட்டுகிறது, மரியாதை வினையிலேயே வெளிப்படுகிறது. (இந்த ஒற்றுமையைக் கொண்டு ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கோட்பாட்டைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை, ஆயினும் அமைப்பொற்றுமை கற்பவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது.) ஹிரகானா, கதகானா ஆகிய இரு ஒலியெழுத்து வரிசைகளையும் சில வாரங்களில் கற்றுவிடலாம். பின்னர்தான் பாரம் ஏறுகிறது. ஜப்பானியம் சீன எழுத்துகளையும் பயன்படுத்துகிறது; அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010-இல் வரையறுக்கப்பட்ட 2136 சீன எழுத்துகளில் பலவற்றுக்கு இரண்டு, மூன்று, சில நேரம் அதற்கும் மேற்பட்ட வாசிப்புகள் (உச்சரிப்புகள்) உண்டு. சீனத்தில் நிலைமை நேர்மாறானது. சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு குரல் தொனிகள் தொடக்கத்திலேயே மாணவரை அலைக்கழிக்கின்றன. 2013-இல் வெளியான அரசுப் பட்டியலின் முதல் நிலையிலேயே 3500 எழுத்துகள் உள்ளன. ஆனால் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரே வாசிப்புதான். வினைத்திரிபும் வேற்றுமை உருபும் இல்லை. தொடக்கத் தடையைத் தாண்டியவர் செய்தித்தாளையும் கட்டுரையையும் ஓரளவு விரைவாகவே வாசிக்கத் தொடங்குகிறார். முதலாண்டு மதிப்பெண்ணை வைத்து மொழியைத் தேர்வது தவறு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

மொழிக்கு அப்பால், எந்தச் சமூகத்தின் கேள்விகள் நம்மை ஈர்க்கின்றன என்பதே முதன்மையானது. ஜப்பான் என்றால் தேநீர்ச் சடங்கும் அனிமேயும், சீனா என்றால் பெருஞ்சுவரும் கன்ஃபூசியஸும் என்ற அளவில் நின்றுவிடுவோருக்கு இரு துறைகளுமே ஏமாற்றம் அளிக்கும். சாதியைப் பற்றிச் சிந்தித்துப் பழகிய மாணவருக்கு ஜப்பானில் எதிர்பாராத ஒரு களம் காத்திருக்கிறது. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல் போன்ற தொழில்களால் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் தாழ்நிலையை 1871-இல் பேரரசர் மெய்ஜியின் அரசு சட்டப்படி நீக்கியது, ஒதுக்கல் நீங்கவில்லை. அவர்கள் 1922-இல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். தமிழகத்தில் சுயமரியாதை இயக்கம் தோன்றியது 1925-இல். அடுத்தடுத்து எழுந்த இந்த இரு இயக்கங்களையும் அருகருகே வைத்து ஆராய்வதற்குத் தமிழ் மாணவரைவிடத் தகுதியானவர் யார்? புராக்கு ஊர்களின் பெயர்ப்பட்டியல்களை நிறுவனங்கள் விலைக்கு வாங்கி, வேலை கேட்டு வருவோரின் பின்னணியைப் பார்த்த செய்தி 1975-இல் வெளியானது. அதன்பின், ஒருவரின் பூர்வீகத்தைக் காட்டும் குடும்பப் பதிவேடுகளை எவரும் பார்க்கலாம் என்ற நிலை மாற்றப்பட்டது. சாதி வெளியே தெரியாமல் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இத்தனை தெளிவான ஆவணங்கள் பிற நாடுகளில் அரிது.

சீனாவில் பிறப்போடு ஒட்டிக்கொள்ளும் அடையாளம் வேறு வகையைச் சேர்ந்தது. 1958-இல் சட்டமான ஹுகோவ் பதிவுமுறை, ஒருவர் கிராமத்தவரா நகரத்தவரா என்பதைப் பெற்றோர் வழியே தீர்மானித்தது. முறை ஓரளவு தளர்ந்துவிட்டாலும், நகரங்களைக் கட்டியெழுப்பும் கோடிக்கணக்கான இடம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள் பெருநகரங்களில் பள்ளியிடத்துக்கும், காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை அங்கேயே எழுதும் உரிமைக்கும் இன்றும் போராட வேண்டியிருக்கிறது. 1980 முதல் 2015 வரையிலான ஒரு குழந்தைக் கொள்கை குடும்பத்தின் உருவத்தையே மாற்றியது. வளர்ச்சி, கிராமம், கல்வி, அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பன போன்ற கேள்விகளில் இந்தியாவுக்கு மிக நெருங்கிய ஒப்பீடு சீனாதான்.

இந்தக் கேள்விகளுக்கு நேரில் சென்று விடை தேட முடியுமா என்பதில் இரு நாடுகளும் பெரிதும் வேறுபடுகின்றன. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை இளங்கலை முதல் ஆய்வு வரை கிடைக்கிறது. ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் பழைய அரசுக் கோப்புகளையும், ஜே-ஸ்டேஜ் தளத்தின் ஆய்விதழ்களில் பெரும்பாலானவற்றையும் சென்னையில் இருந்தபடியே கட்டணமின்றிப் படிக்கலாம். சீனாவின் நிலை அப்படி இல்லை. பெருந்தொற்றும் 2020 கல்வான் மோதலும் சேர்ந்து இந்திய மாணவர்களின் பயணத்தை ஆண்டுக்கணக்கில் முடக்கின. நேரடி விமான சேவை 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. 2023-இல் சிஎன்கேஐ என்ற சீன ஆய்வுத் தரவுத்தளத்தின் சில பகுதிகள் வெளிநாட்டவர்க்கு மூடப்பட்டன. ஷின்ஜியாங், திபெத் போன்ற பகுதிகளில் தன்னிச்சையான களப்பணி நினைத்துப் பார்க்க இயலாதது. இதனால் பலர் தைவானுக்குச் செல்கிறார்கள்; அதன் ஹுவாயு உதவித்தொகை சீனமொழி கற்க நல்ல வழி. ஆனால் அங்கே, சீனாவில் எளிமையாக்கப்படாத பழைய வடிவமான மரபெழுத்துகளையும் பழக வேண்டும். மேலும் தைவான் தனக்கென வரலாறுடைய சமூகம், சீனாவுக்கு மாற்றுக் களமாக அதைக் கருத முடியாது.

வேலையைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. சென்னையைச் சுற்றிய தொழிற்பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்களும் இருக்கின்றன, ஃபாக்ஸ்கான் போன்ற தைவான் நிறுவனங்களும் இருக்கின்றன. இரு மொழிக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார்கள்.

வரலாற்று மாணவர்க்கு மட்டும் தராசு சீனத்தின் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் வந்ததைச் சீனாவின் சாங் அரசின் பதிவுகள் குறிக்கின்றன. சீனத் துறைமுக நகரமான சுவான்சோவில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தமிழிலும் சீனத்திலும் பொறிக்கப்பட்டது. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹ 1409 என்ற ஆண்டைப் பொறித்து நிறுவிய கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பேசுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளை வாசிப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஜப்பானிய அறிஞர் நொபோரு கரஷிமா, பிற்காலத்தில் சோழர் பற்றிய சீன ஆவணங்களையும் ஆராய்ந்தார்.

ஆகவே என் தேர்வு இதுதான். பட்டம் முடிந்த சில ஆண்டுகளுக்குள் களத்தில் நின்று மக்களிடம் பேசி ஆய்வு எழுத விரும்புபவர் ஜப்பானியத்தில் சேரட்டும். பத்து ஆண்டுகளேனும் இத்துறையிலேயே இருக்கப் போகிறேன் என்று உறுதியுள்ளவர், கதவு பாதி மூடியிருந்தாலும் சீனத்தை எடுக்கட்டும். முதலில் சீனம் கற்றவர்க்குப் பின்னர் ஜப்பானிய எழுத்துகள் பாதி தெரிந்தவையாக இருக்கும். மெய்ஜிக்கு முந்தைய ஜப்பானிய அறிஞர்களும் துறவிகளும் சீனச் செவ்வியல் நடையில் எழுதிக் குவித்தவற்றை வாசிக்கவும் அந்தப் பயிற்சி உதவும். ஜப்பானியத்திலிருந்து சீனத்துக்குச் செல்பவரோ, எழுத்துகளை எடுத்துச் செல்லலாமே தவிர, தொனிகளை முதலிலிருந்துதான் பழக வேண்டும்.