சேர்வதா, மீட்டுக் கட்டுவதா: பேக்-12இல் மிஞ்சிய இருவர்

பேக்-12 என்பது அமெரிக்கப் பல்கலைகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு. 2024இல் அதிலிருந்து பத்துப் பல்கலைகள் வெளியேறின. பேக்-12இல் மிஞ்சியவை ஓரிகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

மவுண்டன் வெஸ்ட் என்ற இன்னொரு கூட்டமைப்பில் சேர்ந்திருந்தால் ஆட்ட அட்டவணை கவலையே இல்லை. ஆனால் பேக்-12 என்ற பெயர் அழிந்திருக்கும்.

மீட்டுக் கட்டுவது செலவு பிடிக்கும் வழி. அமெரிக்கக் கால்பந்தின் மேல்மட்டத்தில் ஆட ஒரு கூட்டமைப்புக்குக் குறைந்தது 8 அணிகள் வேண்டும். பல்கலை விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ தந்த அவகாசமோ 2 ஆண்டு. 2024இல் மவுண்டன் வெஸ்ட் அணிகளோடு தலா 6 ஆட்டம் ஆடவே சுமார் 1.4 கோடி டாலர் ஆனது. கண்ணியும் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது: அங்கிருந்து அணியை இழுத்தால் முதல் அணிக்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்த ஒவ்வோர் அணிக்கும் முந்தையதைவிட 5 லட்சம் கூடுதல். அப்படியும் பாய்ஸி ஸ்டேட் உட்பட ஐந்து அணிகளை இழுத்தார்கள்; எட்டாவதாக டெக்சஸ் ஸ்டேட்.

இந்த இரு பல்கலைகளும் இருக்கும் கார்வாலிஸ், புல்மன் போன்ற சிற்றூர்களுக்கு இந்தச் செலவு தகும்.