பெயரில் இன்டர்நேஷனல், பாடத்திட்டத்தில் எது?

வேலூரில் பள்ளி தேடும் பெற்றோர், பெயர்ப்பலகையில் உள்ள ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, பள்ளி எந்த வாரியத்துடன் இணைந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும். அச்சொல்லைச் சூடிய பள்ளிகளில் பல, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தையே நடத்துகின்றன.

வேறு சில பள்ளிகள் நடத்தும் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் மனப்பாடத்தைவிட, கற்றதைப் பயன்படுத்தும் திறனைச் சோதிப்பது. எனக்குப் பிடித்ததும் அதுவே. ஆனால் அதன் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ.யின் கட்டணம் பாடவாரியாகக் கணக்கிடப்படுவதால், ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பை நெருங்கும்போதுதான் முழுச் செலவும் புலப்படும். வெளிநாட்டுக்குக் குடிபெயர்வது உறுதியென்றால் அது தகும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பின்பற்றும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் விலை மலிவானவை, இணையத்தில் இலவசமாகவும் கிடைப்பவை. வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் மருத்துவம் படிக்கவும் நீட் எழுதியாக வேண்டும். அத்தேர்வுக்கு இப்புத்தகங்களே அடித்தளம் என்பது இவ்வூர்க் குடும்பங்களுக்குச் சிறிய விஷயமன்று.

வேன் கட்டணத்தையும், அதைவிட வேன் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வரும் வேனில், காலை ஏழரை மணிக்கே தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு தூங்கிவழியும் யு.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்த பிறகு, என் மகளுக்கு வீட்டருகே உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளியையே தேர்ந்தெடுத்தேன்.